மருதமரத்து ஓர்கிட்

இன்றைக்கும் நினைத்தால் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

வாவிக்கரையில் இருக்கும் எங்கள் அம்மன் கோயில் வருசத்துக்கு ஒருமுறை, வைகாசிச் சடங்குக்குத்தான் கதவு திறக்கும். அதற்கு முதல்நாள் ஊர்கூடித் துப்புரவாக்கும் சிரமதானம். வாசல் மருதமரத்தில் தடித்த இலைகளோடு ஏதோ ஒட்டியிருந்தது.

"குருவிச்சை. மரத்த உறிஞ்சிப்போடும், வெட்டுங்க" என்றார், நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர். ஏணியில் நின்ற பொடியன் கத்தியால் சீவித் தள்ளினான்.

கீழே விழுந்தது பூத்த ஓர்கிட். கபிலநிறக் கட்டம் போட்ட இதழ்கள், நடுவில் ஊதா. காலையிலிருந்து வந்த மணம் அதுதான். யாரோ சென்ட் பூசி வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். ஓர்கிட் மரத்தில் ஒட்டி வாழுமே தவிர, அதிலிருந்து ஒரு சொட்டும் உறிஞ்சாது. பள்ளிக்கூடத்தில் வருசா வருசம் இதைப் படிப்பிக்கிறவள் நான்.

"பூத்து நிண்டதே! ஆருக்கும் கண் இல்லியா?" என்று கத்தினேன்.

"ஏணியப் பிடிச்சிக்கு நிண்டது நீங்கதானே டீச்சர்? அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார் வண்ணக்கர்.

மறுநாள் அதே கிளையில் பிளாஸ்டிக் பூமாலை தொங்கவிட்டார்கள். என்ன அநியாயம்! கதவு திறந்ததும் எல்லோரும் கும்பிட்டார்கள். ஏணி பிடித்த கைகளைக் கூப்ப எனக்கு வெட்கமாயிருந்தது.