காலிதாவின் லெப்ட் பேக்

தையல் சாக்பீஸால் துணிமேல் வரிசையாக நான்கு வட்டம், முன்னால் இரண்டு, அதற்கும் முன்னால் மூன்று, உச்சியில் தன்னந்தனியாக ஒன்று. கோல்கீப்பருக்கு மட்டும் ஒரு பித்தான். இதையெல்லாம் வைத்து முடித்த பிறகுதான் காலிதா நிமிர்ந்து, என் ரவிக்கையில் எங்கே பிடிக்கிறது என்று கேட்டார்.

இந்தியக் கால்பந்து அணி ஆடும் நாளில் கீழக்கரையில் அவரிடம் துணி கொடுத்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். வெட்டுமேஜையில் எது விரிந்திருக்கிறதோ அதுதான் மைதானம். ஆட்டம் முடிந்ததும் தட்டிவிடுவார், பொடி போய்விடும். அன்று விரிந்திருந்தது தஸ்னீம் என்ற பெண்ணின் நிக்காஹ் உடைக்கான பச்சைப் பட்டு. அவள் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்தது.

காலிதாவுக்கு வயது நாற்பத்து மூன்று. மைதானத்தில் கால் வைத்ததில்லை. கணவர் மஹ்மூது தோஹாவில் ஒரு விளையாட்டரங்கில் புல் வெட்டுகிறார். ஆட்ட நாளில் அவர் அங்கே பார்க்க, இவர் நூல்பெட்டியில் போனைச் சாய்த்துவைத்து இங்கே பார்க்க, இன்னொரு போனில் இருவரும் சண்டை போடுவார்கள். மற்ற தம்பதிகள் இவ்வளவு பேசிக்கொள்கிறார்களா என்பது சந்தேகம்தான்.

“பின்னால நாலு பேருங்கறது பேச்சுக்குத்தான். பந்து இங்கிட்டு வந்துட்டா ஏழு பேரு கோலுகிட்டப் போயி ஒட்டிக்கிறாங்க. முன்னால ஒத்த ஆளு, தெரியாத கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்கிறான். அவனுக்கு யாரு பந்து குடுப்பா?” என்று காலிதா போனில் கேட்டார்.

அவருடைய தீராத கோபம் இடப்பக்கம் காக்க வேண்டிய லெப்ட் பேக் மேல். பந்தை உள்ளே தூக்கிப்போட இடப்பக்கமாக மேலே ஓடுகிறவன் திரும்பி வருவதில்லை. அவன் விட்ட இடத்தில்தான் எதிரணி நுழைகிறது. அன்றும் அப்படியே ஆனது. காலிதா அவன் ஓடிய வழியை நீளமாக ஒரு அம்புக்குறி போட்டு மஹ்மூதுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோதே கோல் விழுந்தது. திரையில் அந்த ஆள் பக்கத்தில் நின்றவனைப் பார்த்துக் கையை விரித்தான்.

“பாத்தியளா, அடுத்தவன் மேல போடுறான்! ஏந் தப்புன்னு ஒரு தடவ கையத் தூக்குனா என்னவாம்? கொறஞ்சா போயிருவான்?” என்று போனில் கத்தினார். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஆட்டம் முடிந்தது. அலுப்போடு துணியைத் தட்டி மடித்துவைத்தார்.

மறுநாள் பிற்பகல் நான் ரவிக்கையை வாங்கப் போனபோது கடையில் மிஷின் சத்தம் மட்டுமே கேட்டது. தஸ்னீமின் பட்டில் அந்த அம்புக்குறி சரியாக அழியவில்லை. காலையில் காலிதா அதையே வெட்டுக்கோடு என்று நினைத்துக் கத்தரியை ஓட்டிவிட்டார். முன்பக்கத்தில் நாலு அங்குலம் போய்விட்டது. அதே பட்டு இங்கே எங்கேயும் கிடைக்காது. நிக்காஹுக்கு இரண்டே நாள்.

உதவிக்கு இருக்கும் நாகஜோதி, உத்தரகோசமங்கைப் பக்கமிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவள், வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான். அவள்தான் வழி சொன்னாளாம்: “ரெண்டு பக்கமும் சரிகத்துணி குடுத்து ஒட்டிருவோம்க்கா. டிசைன்னு சொல்லிக்கலாம்.” அதைத்தான் தைத்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான்கூட அதிகமாகப் புகழ்ந்தேன்.

அஸர் தொழுகைக்கான பாங்கு முடிந்து சற்று நேரத்தில் தஸ்னீமின் உம்மா வந்தார். தைத்து முடித்திருந்த உடையைத் தூக்கிப் பார்த்தார். சரிகையை விரலால் தடவினார். உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தார்.

“இது நாங்க கேக்கலையே.”

“ஏம் மவன் ஆசயா கொண்டாந்த துணி. யாரு வெட்டுனது? இந்தப் புதுப் பிள்ளையா?” அவர் பார்வை நாகஜோதி மேல் போய் நின்றது. நாகஜோதி தலையைக் குனிந்துகொண்டாள். மறுத்துப் பேசுவாள் என்று தோன்றவில்லை. காலிதா சும்மா இருந்தால் போதும், பழி அவளோடு பஸ் ஏறிப் போய்விடும்.

காலிதா மிஷினை நிறுத்தினார். ஊசிக்கடியிலிருந்த வேறொரு துணியை எடுத்து மடியில் வைத்தார். பிறகு, சாக்பீஸ் பொடி அப்பியிருந்த வலதுகையைத் தலைக்கு மேலே உயர்த்தி, அந்த அம்மாள் திரும்பிப் பார்க்கும்வரை அப்படியே வைத்திருந்தார்.