உச்சியில் நிற்காத எண்ணெய்

ரத்தோட்டையில் என் இரண்டு மாடி வீட்டைப் பார்க்காதவர்கள் குறைவு. ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்து, அஞ்சாம் வகுப்போடு புத்தகத்தை மூடிய நான் கட்டியது. மிளகு நாற்றுமேடை, தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் இரண்டு லொறி, தோட்டத்துக் கோயிலுக்கு மண்டபம், எல்லாம் இந்தக் கையால் வந்தவை. இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் காரியத்தை ஒன்பது வயதிலேயே செய்துவிட்டேன். அதைத்தான் யாரும் பேசுவதில்லை.

தங்கை பிறந்து பத்தாவது நாள். குளிப்பாட்டியதும் உச்சிக்குழியில் ஒரு சொட்டு ஆமணக்கெண்ணெய் வைப்பது எங்கள் லயத்து வழக்கம். என் கை ராசியான கை என்று அத்தை அந்த வேலையை எனக்கே கொடுத்திருந்தாள். மற்ற நாளெல்லாம் எண்ணெய் அந்தச் சின்னப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். அன்று காதுப்பக்கம் வழிந்தோடியது. இன்னொரு சொட்டு வைத்தேன். அதுவும் ஓடியது.

“அத்த, எண்ணெ நிக்க மாட்டேங்குது.”

“உச்சி மூடுதுடா. மண்ட கெட்டியாகுது, நல்லதுதான்.”

“ஒரே நாள்லயா? தொட்டுப் பாருங்க, பொடச்சிருக்கு. காலையில இருந்து பாலும் குடிக்கல.”

மலையிலிருந்து வேலை முடிந்து வந்த அப்பா சிரித்தார். “டாக்டரய்யா வந்துட்டாரு, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க!”

பிள்ளை அழாமல் கிடந்ததை அதன் நல்ல குணம் என்று எல்லோரும் மெச்சிக்கொண்டிருந்தார்கள். குளிப்பாட்டிய பிறகும் உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அம்மா இழுத்தாள். பிறந்து முப்பது நாள் கழியாத பச்சைப்பிள்ளையை வாசல் தாண்ட விடமாட்டேன் என்று அத்தை மறித்து நின்றாள்.

நான் யாரையும் கேட்கவில்லை. எண்ணெய்ப் போத்தலோடு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடி, மருந்து கொடுக்கும் ஐயாவைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தேன். உச்சியில் விரல் வைத்ததும் அவர் முகம் மாறியது.

“தோட்டத்து லொறிய எடுக்கச் சொல்லுங்க. இப்பவே!”

அத்தை விலகினாள்.

மாத்தளை ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். மூளையைச் சுற்றிய சவ்வில் கிருமி என்றார் டாக்டர். தண்ணீர்க்குடம் உடைந்து ஒன்றரை நாள் கழித்துத்தான் பிள்ளை பிறந்தது. அந்த நேரத்தில் தாயிடமிருந்து தொற்றியிருக்கலாம், யார்மேலும் குற்றமில்லை, கண்ணூறும் இல்லை என்று அப்பாவுக்கு விளக்கினார். பிழைத்தாலும் காதிலோ கண்ணிலோ கைகாலிலோ ஏதாவது குறை தங்கலாம் என்றும் சொன்னாராம். அதை அப்பா அம்மாவிடம் மட்டும் சொன்னார். மூன்று வாரம் ஊசி மருந்து. தங்கை பிழைத்தாள்.

அந்தத் தீபாவளிக்கு லயத்தில் சரவெடி வெடித்தபோது மற்றக் குழந்தைகள் வீறிட்டன. என் தங்கை அசையாமல் தூங்கினாள்.

“பாத்தீங்களா, எங்க வீட்டுப் புள்ள வெடிக்கே பயப்படாது!” என்று வீடு வீடாகச் சொல்லி வந்தேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெருமையில் அழுகிறாள் என்று நினைத்தேன். தங்கைக்குக் காது கேட்காது என்பது எனக்கு விளங்க இன்னும் ஒரு வருடம் ஆனது.

இன்று என் நாற்றுமேடையை நடத்துவதே அவள்தான். எந்த வியாபாரியாலும் அவள் கைப்பேச்சுக்கு முன்னால் நிற்க முடியாது. போன மாதம் அவள் மகள் கல்யாணத்தில், தங்கை பிறந்த குழந்தையாக இருந்தபோது டாக்டர்கள் அவளைக் காப்பாற்றினார்கள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். டாக்டர்கள் காப்பாற்றினார்கள், மறுக்கவில்லை. எண்ணெய் நிற்கவில்லை என்று முதலில் சொன்னது யார்?

அவளுக்குத் தெரியும். என்னைக் குறிக்க அவள் வைத்திருக்கும் சைகையே உச்சியில் ஒரு விரல். உங்களுக்கெல்லாம் வாய் இருக்கிறதே, நீங்களும் சொல்லுங்கள்.