தூக்கிப் பார்க்காத சீட்டு

மேனேஜருடைய மோட்டார் சைக்கிள் சீட்டை என் தையல் மிஷின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தபோது லைனில் இருந்த பெண்கள் எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். நாள் முழுக்க ஷூவின் மேல்பாகத்தையே தைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஏற்றுமதிக்குப் போக வேண்டிய பழுப்புத் தோலில் நல்ல துண்டாக எடுத்து, ஓரமெல்லாம் இரட்டைத் தையல் போட்டு, இரண்டு நாள் உட்கார்ந்து புது உறை தைத்துக் கொடுத்தேன். அவ்வளவு சுத்தமாக நான் வேறெதையும் தைத்ததில்லை. ஆம்பூருக்குப் புதிதாக வருகிறவர்கள் தோல் பதனிடும் ஷெட் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அது பிறந்ததிலிருந்து பழகிய நாற்றம், ஒன்றும் செய்யாது. அந்த சீட்டை நினைத்தால்தான் குமட்டிக்கொண்டு வருகிறது.

வண்டி பன்னிரண்டு வருடப் பழசு. மலையிலும் மண் பாதையிலும் ஓட்டுவதற்கென்று உயரமாகச் செய்த பெரிய வண்டி. பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி மாட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றலாம். அளவெடுப்பதற்காக சீட்டைக் கழற்றிய அன்றே நான் அடியில் பார்த்துவிட்டேன். சீட்டையும் பெட்டிகளையும் தாங்குகிற கம்பி இரண்டு பக்கமும் விட்டுப்போய், வெல்டிங் வைத்து, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தது. அந்த வெல்டிங்கும் ஆறிப்போன கூழ் மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. நான் பார்ப்பதை மேனேஜரும் பார்த்தார். எப்போதோ ஒருமுறை விழுந்தது, ஒட்டியாகிவிட்டது, இனி ஒன்றும் ஆகாது என்று சொல்லிச் சிரித்தார். நானும் கூடச் சிரித்து வைத்தேன்.

மேனேஜர் விற்க வைத்திருந்த அந்த வண்டியை வாங்க வந்தவர் எங்கள் கட்டிங் மேஸ்திரி. வெட்டுவதற்கு முன் தோலில் ஆகாத இடங்களைக் கண்டுபிடித்து சாக்பீஸால் வட்டம் போடுகிறவர். மேல்பக்கம் எவ்வளவு பளபளத்தாலும் நம்ப மாட்டார். புரட்டிப் போட்டு அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். மகளுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு, மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக் கோவா வரை வண்டியிலேயே போய்வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் அந்த மாதிரிப் பயண வீடியோக்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த அம்மா அதுவரை போன தூரமான ஊர் திருப்பதிதான்.

மதிய இடைவேளையில், வண்டிகள் நிறுத்தும் கொட்டகையில் வைத்துப் பார்த்தார். எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். டயரை அழுத்தினார், சங்கிலியை ஆட்டினார், பிரேக் பிடித்துப் பார்த்தார். அதுவரை சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு கை சீட்டின் மேல் பட்டது, அவ்வளவுதான், வண்டியை மறந்துவிட்டார். தோலைக் கிள்ளி மடித்து, பூச்சு வெடிக்கிறதா என்று பார்த்தார். முகர்ந்தார். தையல் ஓட்டைகளை நகத்தால் எண்ணினார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. சீட்டுக்கே இவ்வளவு நல்ல தோல் போட்டு வைத்திருக்கிறவன் வண்டியையும் அப்படித்தான் வைத்திருப்பான் என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார். எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். சாவியை ஒரு திருப்புத் திருப்பினால் சீட்டு கையோடு வந்துவிடும். திருப்புவாரா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா, சீட்ட கழட்டனது நீதானே? உள்ள எல்லாம் நல்லா இருக்குதா?"

மேனேஜர் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னை மிரட்டவில்லை, ஜாடை காட்டவும் இல்லை. லைன் சூப்பர்வைசர் இடம் அப்போது காலியாக இருந்தது. அடுத்தது நீதான் என்று அவர் இரண்டு முறை சொல்லியிருந்தார்.

"என் வேலையில கொற இருக்காதுண்ணா," என்றேன்.

பொய் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது. பச்சையாகப் பொய் சொல்லியிருந்தால்கூட ஒருநாள் அழுது ஒப்புக்கொண்டிருப்பேன். பொய்யில் மாட்டாமல், உண்மையும் சொல்லாமல், வார்த்தையைப் பொறுக்கி எடுத்துச் சொன்ன என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் என் வாயை நானே கழுவிக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

வண்டியை வாங்கி, மகள் கல்யாணத்தையும் முடித்து, மேஸ்திரி கோவாவுக்குக் கிளம்பிய அன்றே, பேரணாம்பட்டு தாண்டி மலையேறுகிற ஒரு வளைவில் கம்பி விட்டது. இரண்டு பெட்டியும் நிறைந்திருந்தன, அந்த அம்மாவும் பின்னால் இருந்தார். வீட்டை விட்டுக் கிளம்பி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அந்த அம்மாவுக்குத் தோளில் அடி பட்டதோடு போயிற்று. மேஸ்திரிக்கு வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போயிருந்தபோது மேனேஜரும் ஆப்பிள் பையோடு வந்திருந்தார். பழைய வண்டி என்றால் அப்படித்தான், நாம்தான் பார்த்து ஓட்ட வேண்டும் என்று கூசாமல் புத்தி சொன்னார். மேஸ்திரி அதற்கும் தலையாட்டினார். மேனேஜர் போன பிறகு என்னிடம், "முப்பது வருசமா தோல பொரட்டிப் பார்த்தவன், ஒரு சீட்ட தூக்கிப் பார்க்கல பாரு. தப்பு எம்மேலதாம்மா," என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

இப்போது நான்தான் லைன் சூப்பர்வைசர். மேஸ்திரியின் கட்டைவிரலுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. தோலைத் தடவினால் ஒன்றும் தெரியாது என்பதால் கட்டிங்கிலிருந்து எடுத்து கேட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். சாயங்காலம் வேலை முடிந்து போகிற பெண்களின் பையை இடது கையால் திறந்து பார்த்து அனுப்புவது அவர் வேலை. யாரையும் விடமாட்டார், டிபன் பாக்ஸைக்கூடத் திறக்கச் சொல்வார். நான் பையின் ஜிப்பை இழுக்கப் போனால் மட்டும் கையைக் காட்டித் தடுத்துவிடுவார்.

"நீ போம்மா. உன் பையில இன்னா பார்க்கறது," என்பார்.

நானும் தினமும் போய்விடுகிறேன்.