கட்டில்கள் குப்பை வண்டி ஏறிய கோடை

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் ஒருவரும் வீட்டுக்குள் படுக்க மாட்டோம். எல்லாம் ஓட்டு வீடுகள். பகலெல்லாம் காய்ந்த ஓடு விடிய விடிய அனலைக் கக்கும். பொழுது சாய்ந்ததும் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் காற்று நேரே எங்கள் தெருவுக்குள்தான் நுழையும். மேல்பக்கம் ஆண்கள், கீழ்ப்பக்கம் பெண்களும் பிள்ளைகளும் என்று கயிற்றுக் கட்டில்களை நடுத்தெருவில் போட்டுவிடுவோம். சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள்.

எண்பதுகளின் நடுவில் நான் டவுன் பஞ்சாயத்து ஆபீசில் டைப்பிஸ்ட். வீடில்லாத ஏழெட்டுப் பேர் அப்போது சந்தைக் கொட்டகையில் குடியிருந்தார்கள். அதில் ஒருத்தி எங்கள் தெருவுக்கே வேண்டியவள். புருஷன் செத்ததும் கொழுந்தன் நிலத்தைப் பிடுங்கிக்கொள்ள, மகளைக் கூட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தவள். வீடு வீடாக உட்கார்ந்து புளி உடைத்துக் கொட்டை எடுத்துக் கொடுப்பாள். மகள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது.

பஸ் ஸ்டாண்டுக்காகக் கொட்டகையை இடிப்பது என்று முடிவானது. அங்கே இருந்தவர்களுக்காக எங்கள் தெருக்கோடியில் கிடந்த புறம்போக்கில் ஓடு போட்ட தங்குமிடம் ஒன்று கட்டலாம் என்று நிர்வாக அதிகாரி எழுதினார். "அதுவும் இல்லன்னா மலைக்கே போய்ட வேண்டியதுதாங்க. பொண்ணு படிப்பு அதோட போச்சு" என்று என் வீட்டு முற்றத்தில் புளியோடு உட்கார்ந்து அவள் சொன்னாள்.

எங்கள் தெரு கொதித்தது. இது குடியிருப்புப் பகுதி, இங்கே விடுதி கட்ட விதி இடம் தராது என்று மனு தயாரானது. முதல் கையெழுத்து வார்டு மெம்பரான புளி மண்டிக்காரருடையது. "பகல்ல வரட்டும், வேலை செய்யட்டும். ராத்திரியில நம்ம தெருவுல இன்னா வேலை?" என்றார். நானும் கையெழுத்துப் போட்டேன். என் வீட்டுக்காரர் போடச் சொன்னார் என்று தப்பிக்கலாம்தான். பேனா என் கையில்தானே இருந்தது.

பஞ்சாயத்துக் கூட்டத்தில் இடப் பிரச்சினையைத் தள்ளிவைத்தார்கள். தங்குமிடம் வராமலேயே போகட்டும் என்பதுதான் அதன் அர்த்தம். கூடவே ஒரு தீர்மானம்: அந்தப் புறம்போக்கிலும் தெருவிலும் எவரும் படுக்கக் கூடாது, மீறினால் சாமான்கள் பறிமுதல். நான்தான் டைப் அடித்தேன். நான்தான் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

மறுநாள் காலை பலகையின் முன்னால் தாயும் மகளும் நின்றிருந்தார்கள். மகள் சத்தமாகப் படித்தாள். ஒரு தடுமாற்றம் இல்லை.

"அப்டின்னா இன்னாடி?"

"நம்மள இந்தத் தெருவுல படுக்கக் கூடாதுன்றாங்கம்மா."

ஜன்னலுக்கு இந்தப்பக்கம் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வெட்கம் ஒரு நிமிஷம்தான். அப்புறம் வந்தது கோபம். எனக்குக் கோபம் வந்தால் காகிதத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். படித்தேன். 'எவரும்' என்றுதான் இருந்தது. மலைக்காரர்கள் என்றோ கொட்டகைக்காரர்கள் என்றோ எங்கும் இல்லை.

நேராக நிர்வாக அதிகாரியிடம் போனேன். "தீர்மானம் போட்டா நிறைவேத்தணும் இல்லீங்களா சார்? தண்டோரா போட்டுடலாமா?"

அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மீசைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போட்டுடுங்கம்மா" என்றார்.

தண்டோரா போட்டதை எங்கள் தெருவே கேட்டது. யாருக்கோ போடுகிறார்கள் என்று இருந்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் கட்டில்கள் வெளியே வந்தன. பின்னாலேயே பஞ்சாயத்துக் குப்பை வண்டியும் வந்தது. முதல் கட்டில் மண்டிக்காரருடையது. விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யோவ், இது என் கட்டில்யா!"

"தெரியுங்க. தெருவுல கெடக்குது. எழுந்திருங்க" என்றார் வண்டிக்காரர்.

என் கட்டிலை நானே இழுத்துப் போய் வண்டியில் ஏற்றினேன். வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதுவும் ஒரு நிம்மதிதான்.

நான்கு நாள் தெருவே வீட்டுக்குள் வெந்தது. ஐந்தாம் நாள் காலை அத்தனை பேரும் ஆபீசில். மண்டிக்காரர் மேஜையைத் தட்டினார். "நாங்க வூடு இருந்தும் வெளிய படுக்கறவங்க. அவங்க வூடு இல்லாம படுக்கறவங்க. ரெண்டும் ஒண்ணா சார்?"

"தீர்மானத்துல ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றார் அதிகாரி. "அவங்களுக்கும் ஒரு வூட்டக் கட்டிட்டா, உங்க தெருவுல வூடு இல்லாம படுக்கறவங்களே இருக்க மாட்டாங்களே. அப்புறம் இந்தத் தீர்மானமே எதுக்குங்க?"

மண்டிக்காரர் வேர்க்குருவைச் சொறிந்துகொண்டு நின்றார். பதில் அவர் மனைவியிடமிருந்து வந்தது. மனு எழுதியபோது எல்லோரையும்விட உரக்கப் பேசியவர் அந்த அம்மாள்தான். "கட்டித் தொலைங்க! மொதல்ல எங்க கட்டிலக் குடுங்க!"

அன்றைக்கே அவசரக் கூட்டம் போட்டார்கள். பழைய தீர்மானம் ரத்து, தங்குமிடம் எங்கள் தெருக்கோடியில். அதையும் நான்தான் டைப் அடித்தேன். அந்த மிஷினில் நான் அவ்வளவு வேகமாக அடித்ததே இல்லை. கட்டி முடிக்கும்வரை கொட்டகையை இடிக்கவும் கூடாது என்று அதிகாரி ஒரு வரி சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன்.

தை மாதம் கட்டடம் எழுந்தது. மகள் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சித்திரையில் ஒரு சாயங்காலம், பெண்கள் பக்கம் கட்டில்களைப் போட்டுக்கொண்டிருந்தோம். தெருக்கோடிக் கதவு திறந்தது. அவள் கையில் பாய், பின்னால் மகள். எங்களுக்கு எட்டத்தில், சுவரோரம் பாயை விரித்தாள்.

"இன்னா, நீயும் வெளிய வந்துட்ட?" மண்டிக்காரர் மனைவிதான் கேட்டார்.

"இன்னா பண்றதுங்க, எங்க வூட்டுக்குள்ள இருக்க முடியல. ஓடு ஒரே அனலு" என்று அவள் அலுத்துக்கொண்டாள். 'எங்க வூடு' என்று அவள் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

அந்த அம்மாள் முனகிக்கொண்டே எழுந்து தன் கட்டிலை ஒரு முழம் நகர்த்தினார். "அங்க காத்தே வராது. இப்டி வந்து போடு."