ஒத்துக்கொள்ளாத ஊசி

என் கணவர் ஜெர்மன் மொழியில் முதன்முதலாக மனப்பாடம் செய்த வசனம் "எனக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது" என்பதுதான். வணக்கமும் நன்றியும் அதற்குப் பிறகுதான் வந்தன. அகதிகள் விடுதியில் இருந்த காலத்திலேயே மொழி தெரிந்த ஒருவரைப் பிடித்து, சொல்லித்தரச் சொல்லி, வாய்க்குள் போட்டு மென்று பழகிக்கொண்டாராம். பல் வைத்தியரிடம் சொல்வார். கண் வைத்தியரிடமும் சொல்வார். ஒருமுறை முடி வெட்டப் போன இடத்தில் காதில் சிறு கீறல் பட்டதும் அங்கேயும் சொல்லியிருக்கிறார். முடி வெட்டியவர் பாவம், கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டாராம்.

எனக்கு எதையும் ஏன் என்று கேட்காமல் விழுங்கத் தெரியாது. கலியாணம் கட்டி ஊஸ்டர் நகரத்துக்கு வந்த புதிதிலேயே கேட்டேன்.

"ஊசி போட்டு உங்களுக்கு என்ன செய்தது?"

"தெரியா. நாலு வயசு எனக்கு. அம்மாவுக்குத்தான் தெரியும்."

அதோடு கதை முடிந்துவிடும். மட்டக்களப்பில் இருந்த மாமியோ தொலைபேசியில் எதைக் கதைத்தாலும் கடைசியில் "ஊசி கவனம் மகன்" என்றுதான் வைப்பார்.

நான் அப்போது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கே நீலநீலமாகப் பூஞ்சணம் ஓடிய ஒரு பாற்கட்டியைக் கிழவர்கள் நாக்கைச் சப்பிச் சாப்பிடுவார்கள். ஒருநாள் ஒரு துண்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, "பென்சிலினும் இதுவும் ஒரே குடும்பமாம்" என்று வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். மாசி மாதக் குளிரில் என் கணவர் வீட்டு யன்னலெல்லாம் திறந்தார். நான் வெட்டிய கத்தியை இரண்டு தரம் கழுவினார். அன்று நான் சிரித்த சிரிப்புக்கு அவர் அடுத்த நாள்வரை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஒரு பங்குனியில் அவருக்குப் பின்னேரக் காய்ச்சல் தொடங்கியது. தொழிற்சாலையில் எல்லாருக்கும் கிரிப்ப, குளிர்காலச் சளிக்காய்ச்சல், என்றார்கள். கொத்தமல்லி அவித்துக் குடித்தார். காய்ச்சல் போகும், மறுநாள் பின்னேரம் வேலைக்காரனைப்போல நேரத்துக்கு வந்து நிற்கும். படி ஏறினால் மூச்சு வாங்கியது. குடும்ப வைத்தியர் நெஞ்சில் குழாயை வைத்து வழக்கத்தைவிட நெடுநேரம் கேட்டார். பிறகு வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்தார்.

வைத்தியசாலையில் எங்களுக்கு விளங்கப்படுத்தியது ஒரு இளம் பெண் வைத்தியர். சொத்தைப் பல்லிலிருந்தாக இருக்கலாம், ஒரு கிருமி இரத்தத்துக்குள் போய் இதயத்தின் வால்வில் குந்திவிட்டது என்றார். எல்லாருடைய வாயிலும் இருக்கிற சாதாரணக் கிருமிதானாம்.

"உங்கட வாயிலுமோ?" என்று கேட்டேன்.

"என்னுடைய வாயிலும்தான்" என்றார். அந்தப் பதிலிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ஆனால் அடுத்துச் சொன்னது பிடிக்கவில்லை. கிருமியைக் கொல்லாவிட்டால் அது வால்வை அரித்துவிடும். அரித்துவிட்டால் நெஞ்சைத் திறந்து வால்வை மாற்ற வேண்டும். அவர் இருக்கும் நிலையில் அதைத் தாங்குவாரா என்று சொல்ல முடியாது. இவ்வளவையும் கேட்டுவிட்டு என் கணவர் படுக்கையில் இருந்தபடி தன் வசனத்தைச் சொன்னார். உச்சரிப்பில் ஒரு பிழை இல்லை.

வேறு மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது, மறுபடி ஏறியது. பிறகு சிறுநீரகம் களைக்கத் தொடங்கியது. "இந்தக் கிருமிக்கு எதைக் கண்டாலும் வராத பயம் பென்சிலினைக் கண்டால் வரும்" என்று வைத்தியர் சொன்னபோது அவர் குரலில் ஆற்றாமை இருந்தது. சின்ன வயதில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்கிற பலருக்கு உண்மையில் அப்படி ஒன்றும் இருப்பதில்லையாம். மூச்சு முட்டியதா, முகம் வீங்கியதா, வெறும் புள்ளிகள்தானா என்று தெரிந்தால் சோதித்துப் பார்க்கலாம் என்றார்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் நூலகத்துக்குள் நுழைந்து பென்சிலின் பற்றி ஒரு புத்தகம் கேட்டேன். பிள்ளைகளுக்கான புத்தகம். என் ஜெர்மனுக்கு அதுதான் அளவு. லண்டனில் ஒரு வைத்தியர் கிருமி வளர்த்த தட்டுகளைக் கழுவாமல் விடுமுறைக்குப் போய்விட்டாராம். வந்து பார்த்தால் ஒரு தட்டில் பூஞ்சணம், அதைச் சுற்றிக் கிருமியே இல்லை. எங்கள் சமையலறையில் தட்டைக் கழுவாமல் போனால் வேலை போகும். அவருக்குப் பரிசு கொடுத்திருக்கிறார்கள்!

ஆனால் அந்தப் பூஞ்சணத்திலிருந்து மருந்தை வடித்து எடுக்க அவரால் முடியவில்லை. பல வருடங்கள் கழித்து வேறு ஆட்கள்தான் அதைச் செய்தார்கள். பால் கலன்களிலும் நோயாளிகளின் மலச்சட்டிகளிலும்கூடப் பூஞ்சணத்தை வளர்த்துத் துளித்துளியாக எடுத்தார்களாம். முதலில் ஏற்றியது ஒரு பொலிஸ்காரனுக்கு. முகத்துக் காயம் சீழ் பிடித்து, சாகக் கிடந்தவன். மருந்து போதாமல் அவனுடைய சிறுநீரிலிருந்து திரும்பப் பிரித்தெடுத்து மறுபடி அவனுக்கே போட்டிருக்கிறார்கள். அவன் எழுந்து இருந்து சாப்பிட்டான். பிறகு மருந்து முடிந்துவிட்டது. அவன் செத்துப்போனான். பின்னாளில் அமெரிக்கச் சந்தையில் பழுதாகிப்போன ஒரு முலாம்பழத்தின் பூஞ்சணத்திலிருந்துதான் உலகத்துக்கே போதுமான மருந்து கிடைத்தது.

பேருந்துத் தரிப்பிடத்தில் இருந்து அதை வாசித்தபோது அந்தப் பொலிஸ்காரனுக்காக எனக்கு அழுகை வந்தது. அடுத்ததாகக் கோபம் வந்தது. அவனுக்கு மருந்து இல்லை. இவருக்கோ வைத்தியசாலை விறாந்தைக் கோடியில் அலுமாரி நிறைய மருந்து இருக்கிறது. நடுவில் ஒரு வசனம் குறுக்கே படுத்துக் கிடக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் தொலைபேசி அட்டையைச் சுரண்டி மாமிக்கு எடுத்தேன். மகன் ஆஸ்பத்திரியில் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

"மாமி, அந்த ஊசி போட்ட நேரம் இவருக்கு என்ன நடந்தது?"

"அதான் சொன்னனே மகள். டிஸ்பென்சரியில ஊசி போட்டாங்க. அடுத்த நாள் உடம்பெல்லாம் எழும்பிற்று. ஒத்துக்கொள்ளல்ல."

"மூச்சு முட்டினதோ?"

"இல்ல."

"முதல்ல எங்க எழும்பினது? ஊசி போட்ட இடத்திலயோ?"

"காதுக்குப் பின்னால. மறுகா முகம். மறுகா உடம்பு." குரலில் கொஞ்சம் எரிச்சல். "இப்ப இதெல்லாம் என்னத்துக்குக் கேக்காய்?"

"எத்தினை நாள் இருந்தது?"

"ஆருக்கு ஞாபகம் இருக்கு? மூணாந் தண்ணி வார்த்த பிறகுதான் புள்ளயை வெளியில எடுத்த."

ஊசி ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு எவரும் மூன்று தண்ணீர் வார்ப்பதில்லை. வேப்பிலை போட்ட தண்ணீரை முறைப்படி மூன்று தரம் தலைக்கு வார்ப்பது ஒரே ஒரு வருத்தத்துக்குத்தான். அது வந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள், வெளியாளை உள்ளே விட மாட்டார்கள், ஊசி மருந்து தொட மாட்டார்கள். அதன் பெயரையும் வாயால் சொல்ல மாட்டார்கள். அம்மாள் வந்திருக்கிறாள் என்று வீட்டுக்குள் மெல்லச் சொல்வதோடு சரி. வைத்தியருக்கு அது சின்னமுத்து என்கிற தட்டம்மை, எங்களுக்கு அது தெய்வம்.

"மாமி, வாசல்ல வேப்பிலை கட்டினீங்களோ?"

"கட்டினதுதான்" என்றார். "காய்ச்சல் எண்டுதான் ஊசி போடக் கொண்டுபோனன். அவள் வந்திருக்கிறது எனக்குத் தெரியாதே. அடுத்த நாள் பார்த்தா முகமெல்லாம்... ரெண்டாவது ஊசிக்கு ஏன் வரல்ல எண்டு டிஸ்பென்சரி நேர்ஸ் படலையில வந்து நிண்டு கேட்டா. அவள் வீட்டில இருக்கக்குள்ள நான் என்னத்தச் சொல்ல? பேரைச் சொல்லலாமோ? ஊசி ஒத்துக்கொள்ளல்ல எண்டு சொன்னன். அவ எழுதிக்கொண்டு போயிற்றா."

இதை எப்படி ஜெர்மனில் சொல்வது என்று இரவு முழுவதும் கிடந்து யோசித்தேன். காலையில் வைத்தியரிடம், கதவில் கட்டுகிற இலையில் தொடங்கி மூன்று தண்ணீரில் முடித்தேன். அவர் எதையும் எழுதவில்லை, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். காதுக்குப் பின்னால் தொடங்கியது என்றதும் தலையாட்டினார். "இது ஊசியின் வேலையாகத் தெரியவில்லை. சோதித்துப் பார்ப்போம்" என்றார்.

இப்போது என் கணவர் மறுத்தார். சாகிற ஆளுக்கு அவ்வளவு பிடிவாதம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"அம்மா பொய் சொல்ல மாட்டா" என்றார்.

"அவ பொய் சொல்லல்லப்பா. அம்மாளுக்கு மரியாதை குடுத்தவ."

"எனக்கு ஏதும் நடந்தா?"

"ஊசி போடாட்டி நடக்கப் போறதை நான் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டு இருக்கிறன்!" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த மனிதர் பத்திரிகையை முகத்துக்கு உயர்த்தினார்.

கடைசியில் மாமிக்கே எடுத்து, தொலைபேசியை அவர் காதில் வைத்தேன். மாமியின் குரல் எனக்கும் கேட்டது. "மகன், ஊசியில பிழை இல்ல. நான் சொன்னதுதான் பிழை. போடச் சொல்லு. நான் கோயிலுக்குப் போய் அவளிட்டக் கேட்டிற்று வந்திற்றன்." என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

முன்கையின் உட்பக்கம் சின்னச் சின்னப் புள்ளிகளாக மருந்தைக் குத்தினார்கள். நான் குனிந்து, மூக்கு முட்ட அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் ஒரு புள்ளி சிவந்து தடித்தது. நான் போட்ட சத்தத்தில் தாதி ஓடிவந்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். அது தடிக்கத்தான் வேண்டுமாம். தோல் வேலை செய்கிறதா என்று பார்க்க வேறொரு திரவம் வைத்த புள்ளி அது. பென்சிலின் வைத்த இடம் பேசாமல் கிடந்தது. அளவைக் கூட்டி வைத்தார்கள். அப்போதும் பேசாமல் கிடந்தது. அடுத்த நாள் மருந்துப் பையைத் தூக்கிக் கம்பியில் மாட்டினார்கள். தண்ணீரைப்போல நிறமே இல்லாத ஒன்று குழாயில் இறங்குவதைப் பார்த்தபோது, பூஞ்சணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று என்னால் நம்ப முடியவில்லை.

காய்ச்சல் விட்டது. சிறுநீரகம் தேறியது. வால்வில் ஒரு தழும்பு மிஞ்சியது, ஆனால் நெஞ்சைத் திறக்கத் தேவைப்படவில்லை. பல வாரங்கள் கிடந்து மருந்தேற்றி, கோடை தொடங்கும்போது வீட்டுக்கு வந்தார்.

வந்த அன்று மாமியோடு வெகுநேரம் கதைத்தார். சோறு சாப்பிட்டதா, படி ஏறியதா என்று எல்லாம் விசாரித்துவிட்டு, "மகளிட்டக் குடு" என்றாராம் மாமி. நான் தொலைபேசியோடு குசினிக்குப் போனேன்.

"ஒண்டு கேக்கணும். இவனுக்குப் பிறகு எனக்கு ஒரு பொம்புளப் புள்ள இருந்தது தெரியுமே?"

தெரியும். காய்ச்சலில் போய்விட்டாள் என்று மட்டும் என் கணவர் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

"தொண்டை வீங்கிக் காய்ச்சல். பெரியாஸ்பத்திரியில இதே ஊசியைத்தான் எடுத்துக்கொண்டு வந்தாங்க. மூத்தவனுக்கு ஒத்துக்கொள்ளாது, இவளுக்கும் வேணாம் எண்டு நான்தான் தடுத்த. சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாப் போயிற்று மகள். அதப் போட்டிருந்தா அவள் இருந்திருப்பாளோ?"

தொண்டை வீங்கினால் என்ன கிருமி, அதற்கு என்ன மருந்து என்று அந்தப் பிள்ளைகள் புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது. நான் அதை இரண்டு தரம் வாசித்திருந்தேன்.

"அது வேற காய்ச்சல் மாமி. அதுக்கு இந்த ஊசி கேக்காது."

"மெய்யாவோ?"

"மெய்யா. டொக்டரிட்டக் கேட்டனான்."

அந்த வைத்தியரை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சந்தித்தேன். எத்தனையோ கேள்வி கேட்டு அவரைக் களைக்க வைத்தேன். அதை மட்டும் கேட்கவில்லை.