நாய்ப்பங்கு

பெல்மதுளைக்கு மேலே இருக்கும் ரப்பர் தோட்டத்தில் கன்னையாவைக் கேலி செய்யாத வாய் இல்லை. ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிற மனுஷன், பெற்ற பிள்ளையைக்கூட அப்படிச் சுமந்ததில்லை. ஒரு அல்சேஷன் குட்டியைத் தொழிலாளர் வரிசைவீடான லயத்துப் படியில் இறங்கவிடாமல் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினால் சனம் சிரிக்காமல் என்ன செய்யும்?

தொண்ணூற்றெட்டில் மாற்றலாகிப் போன தோட்டத்து மேலாளர் துரை கொடுத்த குட்டி அது. பெயர் மேஜர். ஊசி போடப் போன இடத்தில் மிருக வைத்தியர் சிங்களத்தில் விளக்கிச் சொன்னார். பெரிய சாதி நாய், உடம்பு கிடுகிடுவென்று வளரும், மூட்டு அந்த வேகத்துக்கு உறுதிப்படாது. ஒன்றரை வயது வரை மேடு பள்ளத்தில் ஓட்டாதே, குதிக்கவிடாதே, கொழுக்க வைக்காதே. கன்னையா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். கால் வழுக்காமல் இருக்கச் சிமெந்துத் தரையில் சாக்கு விரித்தார். சோற்றை அளவாகத்தான் வைத்தார். பட்டினி போட்டா நாய் வளர்ப்பார்கள் என்று லயமே கேட்டது. கேட்டுத் தொலையட்டும் என்று இருந்துவிட்டார்.

விடிந்ததும் பால்வெட்டப் போனால் மதியம்தான் திரும்புவார். அதுவரை மேஜர் மனைவி சுதர்ஷினியின் பொறுப்பு.

"அவுத்து விட்டுறாத."

"நான் பாத்துக்கிறேங்க."

திரும்பி வரும்போது நாய் அசந்து தூங்கும். எவ்வளவு சாதுவாக வளர்த்திருக்கிறேன் என்று அவருக்குப் பெருமை பிடிபடாது.

சுதர்ஷினியின் தம்பி சுமன், காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவன். பன்றி விழுந்த நாளெல்லாம் சேம்பு இலையில் கட்டிய இறைச்சி வீடு தேடி வரும். மச்சானுக்குத் தன்மேல் எவ்வளவு பாசம் என்று கன்னையா மனம் குளிர்ந்து சாப்பிட்டார். எலும்பைக்கூட விடமாட்டார்.

பத்து மாத வயதில் மேஜர் பின்னங்காலை இழுக்கத் தொடங்கியது. வைத்தியர் இடுப்பை அழுத்திப் பார்த்தார். தேய்ந்துபோயிருந்த பாதங்களைத் திருப்பிப் பார்த்தார். வேட்டைக்குக் கொண்டு போகிறாயா என்று கேட்டார். கன்னையாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் நாய் தன் காலால் படிகூட இறங்கியதில்லை என்று அடித்துச் சொன்னார். வைத்தியர் வாதாடவில்லை. இனி முழுசாகக் குணமாகாது, வலியைக் குறைக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பால் நிறுக்கும் இடத்தில் இந்திரகுமார் பக்கத்தில் வந்து நின்றான். அவன் சுமனின் வேட்டைக் கூட்டாளி.

"மேஜருக்குக் கால் சரியில்லையாமேண்ணே. பாவம், பாறையில பன்னிய மடக்குறதே அதுதான். நாய்ப்பங்கு ஒழுங்கா வந்து சேருதா?"

கன்னையாவுக்கு அந்தக் கணக்கு தெரியும். பன்றியைப் பங்கு போடும்போது அதை மடக்கிய நாயின் வீட்டுக்குத் தனியாக ஒரு பங்கு போகும். அது வேட்டைக்காரர்கள் மீறாத வழக்கம். ஆக, இத்தனை மாதமாக வந்தது மச்சானின் பாசம் இல்லை.

வீட்டுக்கு வந்தவர் வாளியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நீயா அவுத்து விட்ட?"

சுதர்ஷினி அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "கூடப் பொறந்தவன் வந்து கேக்கிறான், எப்புடி இல்லேங்கிறது? கால் போகும்னு நான் கண்டேனா? கறி வந்தப்ப நீங்களும் ஆசையாத்தானே சாப்பிட்டீங்க."

கன்னையா வாளியைக் கீழே வைத்தார். ஊரார் செய்திருந்தால் சண்டை போட்டிருப்பார். சோறு போட்ட கையே இப்படிச் செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது? சாக்கில் படுத்திருந்த மேஜரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து இடுப்பைத் தடவிக்கொடுத்தார். நீயாவது எனக்கு இருக்கிறாய் என்று வாய்விட்டே சொன்னார்.

கீழே பாதையில் சுமனின் சீழ்க்கைச் சத்தம் கேட்டது. மேஜர் காதை நிமிர்த்தியது. அவர் கையை உதறிவிட்டு, முனகியபடி முன்னங்காலை ஊன்றி எழுந்தது. வாலை ஆட்டிக்கொண்டு, பின்னங்காலை இழுத்து இழுத்து, அவர் ஒருநாளும் இறங்கவிடாத படியில் தானே இறங்கிப் போனது.