மருதோன்றி வேலி

உக்கிப்போன கிடுகை விரல் நுனியால் தொட்டால் போதும், ரஸ்க்குத் துண்டு போல நொறுங்கிக் கொட்டும். அதிலிருந்து பழைய தேயிலைச் சக்கையும் பூஞ்சணமும் உப்புக் காற்றும் கலந்த ஒரு மணம் கிளம்பும். எங்கள் கரையைச் சூறாவளி அடித்துப் போட்டு இரண்டு வருஷம் கழிந்த அந்தப் புரட்டாதி மாதத்தில் ஊரெல்லாம் அந்த மணம்தான். தென்னைகள் விழுந்த புதிதில் ஓலைக்குப் பஞ்சமே இருக்கவில்லை. விழுந்த மரத்து ஓலையையெல்லாம் பின்னி ஊரே புது வேலி கட்டிக்கொண்டது. அந்தக் கிடுகு உக்கும் நேரம் மாற்றிக் கட்ட ஓலை தருவதற்கு ஒரு மரமும் நிற்காது என்று யோசிக்க அப்போது யாருக்கும் நேரமில்லை. இரண்டாம் வருஷக் காற்றில் ஒழுங்கைக்கு ஒழுங்கை வேலிகள் பொலபொலவென்று உதிர்ந்தன, எங்கள் வேலியும் உதிர்ந்தது.

எங்கள் வீடு சாய்ந்தமருதில், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் இருந்தது. வாப்பாவுக்குச் சவளக்கடைப் பக்கம் வயல். பெரும்போக நெல் விதைப்புத் தொடங்கினால் அவர் வயல் வாடியிலேயே தங்கிவிடுவார். வீட்டில் உம்மா, எனக்கு மூத்தவளான ராத்தா, நான். எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். ஆகையால் வீட்டுக்கு ஆம்பிளை நான்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன், அதை யாரிடமும் கேட்கவில்லை. இன்றுவரை எதையும் யாரிடமும் கேட்டு நான் தொடங்கியதில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற வழக்கமில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு, அதைச் சுற்றிய "வளவு", கிணறு, வேலி எல்லாம் பெண் பக்கத்தார் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். ராத்தாவுக்கு மருதமுனையில் ஒரு சம்பந்தம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் சவூதிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அவருடைய உம்மா எங்கள் வளவைப் பார்க்க வந்தார். நாங்கள் அவரை மருதமுனை மாமி என்போம். வீட்டில் தறி போட்டு நெய்கிறவர், எதைப் பார்த்தாலும் புடவையைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார். வீட்டைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், குறை சொல்லவில்லை. வளவு வாசலான "கடப்படி"யில் வந்து நின்று, கிணற்றடியிலிருந்து கடல்வரை மறைப்பில்லாமல் கிடந்த வெளியைப் பார்த்தவர் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"புள்ளைய எனக்குப் புடிச்சிரிக்கி. ஆனா வேலி இல்லாத வளவுக்கு என்ட மகன நான் அனுப்பமாட்டன். அவன் ரெண்டு வருஷம் கழிச்சி ஹஜ்ஜுப் பெருநாளோட வருவான். அதுக்குள்ள வேலிய வைங்க, மறுகா தேதியக் கதைப்பம்."

மாமி சொன்னதில் பிழையில்லை. விடியற்காலையில் இருந்து மீன்காரரும் வலைகாரரும் அந்த ஒழுங்கையால் போய்வருவார்கள். ராத்தா தண்ணீர் அள்ளப் போனால் உம்மா பின்னால் ஒரு படங்குச் சீலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடப்பா. பகலில் ஒரு வாளித் தண்ணீருக்குக் கூட இரண்டு பேர் வேண்டியிருந்தது. ராத்தா வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை. மருதமுனை மாமி போன பிறகு மூன்று நாள் சோறு சரியாகத் தின்னவில்லை, அதை நான் பார்த்தேன். தகரம் அடிக்க எங்களுக்குக் கட்டாது, கிடுகும் இல்லை. வேலியை மண்ணிலிருந்துதான் முளைக்க வைக்க வேண்டும் என்று அன்றே தீர்மானித்தேன்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். வயல் பக்கமிருந்து கிளிசரியாத் தடிகளை வெட்டிக் கட்டிக் கொண்டுவந்து, மழைக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் வெறும் மணலில் இறுக்கி நட்டேன். ஒரு கிழமையில் எல்லாத் தடியிலும் பச்சை முளை. ஒழுங்கையால் போகிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அடுத்த கிழமைகளில் அந்த முளைகள் சுருண்டு கறுத்தன. மிஞ்சியவற்றை ஆடுகள் கடித்தன. தடியைப் பிடுங்கிப் பார்த்தால் அடியில் ஒரு வேர் இல்லை. தன் உடம்பில் இருந்த ஈரத்தை வைத்துத்தான் அது இலை விட்டிருக்கிறது. அன்றைக்குப் பிறகு எந்தச் செடியையும் இலையைப் பார்த்து நான் நம்பியதில்லை. ஆட்களையும் அப்படித்தான், அதனால்தான் தொழிலில் ஏமாறாமல் நிற்கிறேன்.

கடற்கரை ஓரத்தில் சூறாவளிக்குப் பிறகு ஆளில்லாமல் விட்ட ஒரு வளவு கிடந்தது. கூரை இல்லை, தென்னை இல்லை, மூலையில் ஒரு மருதோன்றிப் பற்றை மட்டும் தழைத்து நின்றது. மருதாணிதான், நாங்கள் "மருதோண்டி" என்போம். உப்புக் காற்று அதைக் கருக்கவில்லை, ஆடுகள் அதைச் சுற்றிக்கொண்டு போயின, வாய் வைக்கவில்லை. வளவுக்காரரைத் தேடிப் பிடித்து அனுமதி வாங்கிக்கொண்டு, பென்சில் மொத்தத்தில் முற்றிய கொப்புகளாகப் பார்த்து ஒரு சாண் துண்டுகளாக வெட்டினேன்.

இந்த முறை மண்ணைத் தயார் பண்ணிவிட்டுத்தான் தடியைத் தொட்டேன். வளவைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்குக் கான் வெட்டினேன். மணல் சரியச் சரிய மீண்டும் வெட்டினேன். அடியில் உக்கிய கிடுகையெல்லாம் போட்டு மிதித்தேன். ஈரத்தைப் பிடித்து வைக்க அதைப் போல ஒன்றில்லை. மேலே போட வயல் களிமண் வேண்டுமென்று வாப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன். வாப்பா உழவு மெசின் பெட்டியில் சாக்குச் சாக்காகக் களி ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, "எல்லாப் புள்ளையளும் வயல்ல இரிந்து நெல்லுக் கேக்குங்கள், மண்ணுக் கேட்டவன் நீ ஒருத்தன்தான்டா" என்று சொல்லிச் சிரித்தார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அபூர்வம்.

முதல் மாரி மழை நன்றாக இறங்கிய பிறகு இரண்டு வரிசையாக, ஒன்றின் இடைவெளிக்கு நேரே மற்றது வரும்படி, சரித்து நட்டேன். கடல் பக்கம் பழைய சாக்குகளைக் கட்டிக் காற்றைத் தடுத்தேன். எதிர்வீட்டுப் பாத்தும்மா மாமி கடப்படியில் நின்று பார்த்துவிட்டு, "வேலி நடுறியா தம்பி, வெத்தில நடுறியா?" என்று கேட்டார். ஒழுங்கை முழுக்கச் சிரித்தது. செடி வேர் பிடித்தது, முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, இரண்டாம் வருஷம் நோன்பு மாதத்தில் என் தலைக்கு மேலே நின்றது. சிரித்தவர்கள் வந்து கொப்புக் கேட்டார்கள், கொடுத்தேன். எங்கள் ஒழுங்கையில் பிறகு வந்த பச்சை வேலிகள் எல்லாம் என் வேலியின் பிள்ளைகள்தான். இதைப் பெருமை என்றால் பெருமைதான், நடந்ததைத்தானே சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. ஆடு தின்னாத செடியாகப் பார்த்து வைத்தேனே தவிர, பெருநாளைக்கு முதல் நாள் எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் விட்டுவைக்காத செடி அது என்பது என் மண்டைக்கு வரவில்லை. மருதோன்றி இலை கேட்டு வருகிறவரை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் எங்களிடம் இல்லை. யாருடைய வளவில் நின்றாலும் அந்த இலை ஊருக்குச் சொந்தம். முதல் வருஷம் செடி சின்னதாக இருந்ததால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாம் வருஷம் நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் நடுப்பகல் லுகருத் தொழுகை முடிந்ததுதான் தாமதம், ஒழுங்கை நிறையப் பெண்பிள்ளைகள் இலை வாங்கச் சுளகும் பெட்டியுமாக வந்து நின்றார்கள், முன்னால் பாத்தும்மா மாமி.

நான் கம்போடு கடப்பை மறித்தேன். மாப்பிள்ளை வர இரண்டு மாதமும் சொச்சமும்தான் இருந்தது, அதுவும் கச்சான் காற்று அனலாக அடிக்கும் காலம். இப்போது மொட்டையடித்தால் எப்போது தழைப்பது?

"என்ன காவல்காரரே, துறப்பு உங்கட மடியிலயா?" என்று சாவி கேட்பது போலக் கையை நீட்டினார் பாத்தும்மா மாமி.

"ஒரு இலை தொட ஏலா. ராத்தாட கலியாணம் முடியட்டும், மறுகா வேரோட கொண்டு போங்க" என்றேன்.

உம்மா என்னை உள்ளே வரச்சொல்லிக் கெஞ்சினா. நான் அசையவில்லை. அப்போதுதான் கதவுக்குப் பின்னால் இருந்து ராத்தாவின் குரல் வந்தது. அவள் சத்தமாகக் கதைத்து அதற்கு முதல் நான் கேட்டதில்லை.

"தம்பி, இது ஆருக்கு வெச்ச வேலி?"

"உனக்குத்தான்."

"அப்ப நான் சொல்றன், விடு. இந்தப் புள்ளையள்ட கை பெருநாளைக்கு வெள்ளையா இரிக்க, நான் இதுக்குள்ள ஒளிஞ்சி இரிந்து என்னத்துக்கு?"

கம்பைப் போட்டுவிட்டு விலகினேன். பின்னேரத்து அசர் தொழுகைக்குள் வேலி முடிந்துவிட்டது. இலையை மட்டும் உருவியிருந்தால் பரவாயில்லை, கொப்பை வளைத்து முறித்து, பட்டையோடு கிழித்துப் போயிருந்தார்கள். கிணற்றடியில் நின்று பார்த்தால் மறுபடியும் கடல் தெரிந்தது.

பெருநாள் தொழுதுவிட்டு வந்ததும் புது உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு வாப்பாவின் கத்தியை எடுத்தேன். கிழிந்த கொப்பு நுனியிலிருந்து காய்ந்துகொண்டே கீழே இறங்கும், அடிவரை போனால் செடி மிஞ்சாது. ஒரு முனையிலிருந்து தொடங்கி முழு வேலியையும் இடுப்பு மட்டத்துக்குச் சீராக வெட்டித் தள்ளினேன். மிச்சத்தையும் நானே கொல்லுகிறேன் என்று உம்மா தலையில் கை வைத்தா. வெட்டி முடித்த கையோடு ஒழுங்கையில் இறங்கி, சிவந்த கை தெரிந்த வீடு ஒன்று விடாமல் ஏறி, ஒரே கதைதான் கதைத்தேன்: இலை கொண்டு போன கை தண்ணீர் கொண்டு வரட்டும், எங்கள் கிணறு மட்டும் போதாது.

பெரியவர்கள் சிலருக்குக் கோபம் வந்தது. பாத்தும்மா மாமிக்கு வரவில்லை. "இவன்ட வாய் நாளைக்கு ஊர ஆளும்" என்று சொல்லிக்கொண்டே அன்று பள்ளியில் அந்தித் தொழுகைக்கு மஃரிபு வாங்கு சொல்லும் முன்னே இரண்டு மகள்மாரோடும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றார். அதன் பிறகு ஒழுங்கையில் ஆண் நடமாட்டம் குறைகிற நேரம் பார்த்துப் பெண்பிள்ளைகள் குடத்தோடு வருவார்கள். வெளிப்பக்கத்துக்கு அவர்கள் ஊற்ற, உள்பக்கத்துக்கு நானும் ராத்தாவும் ஊற்றுவோம். ஆட்டுப் புழுக்கையை இடித்துக் கரைத்து அடியில் விட்டேன். வெட்டின ஒவ்வொரு கொப்பிலிருந்தும் நாலைந்து தளிர் வெடித்தது. கச்சான் அடித்த காலத்தில் ஊரில் புல்லெல்லாம் கருகிக் கிடக்க, எங்கள் வேலி மட்டும் அடியிலிருந்து நுனிவரை அடர்ந்து ஏறியது. இலை புடுங்காமல் உயரமாக நின்ற காலத்தில் கூட அது அவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய கிழமை மருதமுனை மாமி வந்தார். வளவுக்குள் வராமல் ஒழுங்கையிலேயே நின்றுகொண்டு, ராத்தாவைக் கிணற்றடிக்குப் போகச் சொன்னார். பிறகு குனிந்து பார்த்தார், எட்டிப் பார்த்தார், குடைக் காம்பை வேலிக்குள் விட்டு விலக்கிப் பார்த்தார். உள்ளே கிணற்றுத் துலா கிரீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது. மாமி புடவைத் தலைப்பைத் தடவுவது போல உள்ளங்கையால் இலைகளைத் தடவிவிட்டு, "இழை விடல்ல. நெருக்கமான நெசவு" என்றார். உள்ளே வந்து தேதியைக் கதைத்தார்.

எனக்கு அத்தோடு நிற்க முடியவில்லை. கலியாணத்துக்கு முதல் நாள் இரண்டு பக்கத்துப் பெண்களும் மருதோன்றிக்கு எங்கே வருவார்கள் என்று எனக்குத் தெரியும். மாமிக்கு முன்னால் போய் நின்று, இந்த வேலியிலிருந்து ஒரு இலை எடுக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உம்மா என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தா. மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி சொல்றது சரிதான். என்ட மகன் வந்து இரிக்கிற வூட்டு வேலிய நானே மொட்டையடிக்கிறயா? இலைய நான் அனுப்புறன்."

சொன்னபடி, கலியாணத்துக்கு முதல் நாள் மருதமுனையிலிருந்து சைக்கிள் கரியரில் ஈரச் சாக்குக் கட்டி இலை வந்தது. நாலு பக்கமும் மருதோன்றி வைத்த வளவுக்கு வெளியூரிலிருந்து மருதோன்றி வந்ததை ஊர் வெகுநாள் சொல்லிச் சிரித்தது. ராத்தா மட்டும் கிணற்றடிப் பக்கம் போய், ஒழுங்கைக்குத் தெரியாத இடமாகப் பார்த்து ஒரு பிடி கிள்ளி அந்த இலையோடு சேர்த்து அரைத்தாள். நான் பார்த்தும் பாராதது போல் இருந்துவிட்டேன். அவளுடைய வேலிதானே.

கடல் ஊருக்குள் ஏறி வந்த வருஷம் வேலியும் வீடும் ஒன்றாய்ப் போயின; ராத்தாவையும் பிள்ளைகளையும் அல்லாஹ் காப்பாற்றித் தந்தான். இப்போது அவள் ஊருக்கு உள்பக்கம் கட்டிய வீட்டில் இருக்கிறாள். ஆளுயரத்துக்கு மேலே மதில் கட்டி, இரும்புக் கேட் போட்டுக் கொடுத்தவன் நான். கல்முனையிலிருந்து திருக்கோவில் வரைக்கும் போகிற பாதையில் நீங்கள் பார்க்கிற சீமெந்துக் கல் மதில்களில் பாதிக்கு மேல் என் பட்டறையில் அரிந்த கல். பச்சை வேலிகளை எல்லாம் பிடுங்கிய இடத்தில் என் கல்தான் நிற்கிறது, உறுதியான கல், அதில் எனக்கு வெட்கமில்லை. மருதோன்றியும் இப்போது கடையில் குழாயில் வருகிறது; அரைக்கத் தேவையில்லை, யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

ராத்தா மதிலுக்கு உள்ளே, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், ஒரு மருதோன்றிப் பற்றை வைத்திருக்கிறாள். நன்றாகத் தழைத்து நிற்கிறது. ஒழுங்கையால் போகிற யாருக்கும் அது தெரியாது. என் மதில் அப்படி. போன நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் பின்னேரம் அவளைப் பார்க்கப் போனபோது கேட் ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே கதிரையைப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தாள், மடியில் வெறும் சுளகு. தெரு நாய் வருமே என்று சொல்லிக்கொண்டு கேட்டைச் சாத்தப் போனேன்.

"சாத்தாத தம்பி," என்றாள். "மஃரிபு வாங்கு சொல்லட்டும்."